துடைக்காத சாமான் உள்ளே போகாது

அன்று பட்டறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் ஆளாளுக்கு "நானும் கூடத்தான் இருந்தேன்" என்று கிளம்பிவிடுவார்கள்.

பெரியவர் இருந்தார். பட்டறை அவருடையது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகை அதில் சாய்க்காத மனிதர். அவர் மனைவி இருந்தார். பட்டறையையும் வீட்டையும் பிரிக்கும் வாசற்படியில், ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக. அவரைத் தெருவே அம்மாள் என்றுதான் அழைக்கும். ஒயர் வேலை பார்ப்பதால் 'கரண்டு' என்று பெயர் வாங்கிய ஒரே மகன் இருந்தான். அவன் மனைவி, இந்த வீட்டு மருமகள், வேலை மேசையருகே இருந்தாள். பிற்பகலில் அவளுடைய அப்பா, சம்பந்தி, வந்து சேர்ந்தார்.

இவர்களைத் தவிர, எதிர்வரிசை டயர் கடைக்காரர் இருந்தார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. தன் கடையைத் திறந்து போட்டுவிட்டு இங்கே சுவரோரம் ஸ்டூலில் வந்து உட்காருவது வழக்கம். தெருவில் அவருக்கு 'வானொலி' என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வேறு ஒருவரும் இல்லை.

நடுவில் 'யானை' நின்றுகொண்டிருந்தது. வீட்டு வேனுக்கு அந்தப் பெயர். சாம்பல் நிறம், அகன்ற முதுகு, ஆட்டோமேட்டிக் கியர். பெரியவர் கைமாற்றும் கியரில் ஊறியவர். அந்தக் கியர்ப் பெட்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ஆனால் யானையின் பெட்டியை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. திறக்கவேண்டிய தேவையும் வந்ததில்லை.

தேவை வந்த இடம்தான் சரியில்லை. சம்பந்தி வீட்டு வாசல். அங்கே ஒரு மேடு. போன மாதம் அந்த மேட்டில் ஏறும்போது யானை கத்தியதே தவிர நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பின்பக்கமாக. சம்பந்தி வீட்டுப் பூந்தொட்டிகள் வரிசையாகப் படுத்தன. ஊரின் மறுகோடியில் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கென்றே கடை வைத்திருப்பவர் சம்பந்தி. உடைந்த தொட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"உள்ள பிளேட்டு தேஞ்சு போச்சு சம்பந்தி. வண்டிய நம்ம கடையில விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார், மிகவும் மரியாதையாக.

அந்த மரியாதைதான் பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வீட்டு வண்டிய எங்க பட்டறையிலதான் பிரிப்போம்."

சொன்ன வாய் மூடுவதற்குள், அம்மாள் காதோரம் கேட்டார்: "பிரிப்போம் சரி. யாரு பிரிக்கிறது?"

பின்னாலிருந்து மருமகள்தான் பதில் சொன்னாள். "நான் பிரிக்கிறேன் மாமா."

அப்பாவின் கடையில் கிளட்ச் பிளேட்டுகளை அடுக்கி விளையாடி வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி வந்த பிறகு, பட்டறையின் முன்பக்கத்தில் உதிரிச் சாமான் விற்பனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேர்ந்ததும் பெரியவர் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார்.

"உங்கப்பா முன்னாடி வண்டி ஓடணும். ஓடுச்சுன்னா பட்டறையில கிழக்கு மூலை உன்னுது. ஆட்டோமேட்டிக் வேலைய எடுத்துச் செய்."

"ஓடலேன்னா?"

"அவர் கடைக்கே கட்டி இழுத்துட்டுப் போயிடலாம். அதுக்கப்புறம் இந்தப் பேச்ச எடுக்கக்கூடாது."

"சரி மாமா" என்றாள் அவள். பேரம் பேசவில்லை.

பிரித்தாள். கருகிப்போன பிளேட்டுகளை எடுத்துக் காட்டினாள்; அடுப்பில் மறந்துவிட்ட பாத்திரத்தின் வாடை பட்டறை முழுவதும் வீசியது. புதுப் பிளேட்டுகள், புது சீல்கள் போட்டாள். பெட்டியை ஜாக்கியில் ஏற்றி இடத்தில் பூட்டியும் ஆயிற்று. மிச்சம் இருந்தது வால்வு பாடி ஒன்றுதான். அதை வண்டிக்கு அடியிலிருந்தே மாட்டலாம். மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஓட்டிப் பார்க்கவேண்டிய நாள் அது.

வால்வு பாடி என்பது அந்தப் பெட்டிக்கு மூளை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் அலுமினியக் கட்டி. அதில் பூச்சி அரித்த பலகைபோல வளைந்து வளைந்து ஓடும் எண்ணெய் வழிகள். அவற்றின் நடுவே, விரல் பருமனில் சிறுசிறு உருளைகளாக வால்வுகள். எண்ணெய் தள்ளினால் வால்வு நகரும். வால்வு நகர்ந்தால் கியர் மாறும். ஓட்டுகிறவன் கை எதையும் செய்யாது. பெரியவருக்கு இதில் என்றைக்கும் முழு சம்மதம் இருந்ததில்லை.

காலையில் மருமகள் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். காற்றுக் குழாயால் ஊதினாள். வெள்ளைத் தட்டில் எடுத்த வரிசை மாறாமல் வைத்தாள். அவற்றின்மேல் இன்னும் கொஞ்சம் ஈரம் மினுங்கியது.

பெரியவர் தோளிலிருந்த புதுப் பச்சைத் துண்டை எடுத்தார்.

"துணி வேணாம் மாமா. காத்து போதும். தானா காஞ்சிடும்."

பெரியவர் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண் கிழக்குச் சுவருக்குப் போயிற்று. அங்கே அவரே சொல்லி எழுதிய எழுத்து, கொட்டைக் கொட்டையாக: 'துடைக்காத சாமான் உள்ளே போகாது.' இந்தப் பட்டறைக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த ஒரு வரிதான் என்பது அவர் எண்ணம். ஒரு நட்டானாலும் துடைத்துத்தான் போடுவார். வேலை கற்க வந்தவர்களுக்கு அவர் முதலில் கொடுப்பது ஸ்பேனர் அல்ல, துணி.

அந்த நேரம் பார்த்து அம்மாள் மருமகளைச் சாப்பிடக் கூப்பிட்டார். கரண்டு எண்ணெய் வாங்கப் போயிருந்தான். வானொலியைத் தேடி ஒரு பஞ்சர் வந்தது. அவரும் எழுந்து போனார்.

பட்டறையில் பெரியவரும் தட்டும் மட்டும்.

ஈரம். அவரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் திரியும் பிள்ளைகளைப் பார்ப்பது போலிருந்தது. 'பாவம், சின்னப் பொண்ணு. அவங்கப்பா கடைப் பழக்கம் அது. நம்ம பழக்கம் வேற.'

ஒவ்வொரு வால்வாக எடுத்துத் துடைத்தார். பளபளவென்று ஆனதும் அதே இடத்தில், அதே திசையில் வைத்தார். துண்டின் நுனியை முறுக்கி, அந்த வளைந்த வழிகளுக்குள்ளும் விட்டு எடுத்தார். துண்டைத் தோளில் போட்டபோது மனம் நிறைந்திருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் செய்கிற உதவியில் ஒரு தனி சுகம் இருக்கிறது அல்லவா, அது.

மருமகள் கை துடைத்துக்கொண்டே வந்தாள். தட்டைப் பார்த்தாள்.

"சீக்கிரம் காஞ்சிருச்சே!"

"வெயில்மா" என்றார் பெரியவர்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு வால்வுகளை எண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். கட்டியைச் சாய்த்தால் வால்வு தன் எடையிலேயே நழுவ வேண்டும், அதுதான் சோதனை. எல்லாம் நழுவின.

"வெண்ணெய் மாதிரி போகுது மாமா."

'போகாதா பின்னே' என்று நினைத்துக்கொண்டார் பெரியவர்.

வால்வு பாடி மேலே ஏறியது. அடித்தட்டை மூடினாள். கரண்டு கொண்டுவந்த சிவப்பு எண்ணெயை ஊற்றினார்கள். அந்த நேரத்தில்தான் வாசலில் சம்பந்தி வந்து இறங்கினார். இறங்கியது அவருடைய இழுவை வண்டியிலிருந்து. பின்னால் கொக்கி தொங்கியது.

பெரியவர் கொக்கியைப் பார்த்தார். சம்பந்தி, பெரியவர் கொக்கியைப் பார்த்ததைப் பார்த்தார்.

"கார் வேற இடத்துல இருக்கு சம்பந்தி. அதான் இதுல..."

"அதனால என்ன. வாங்க."

மருமகள் இன்ஜினைக் கிளப்பி ரிவர்ஸ் போட்டாள். முன்பெல்லாம் ரிவர்ஸ் கேட்டால் காதில் விழாததுபோல் நிற்கும் யானை, போட்ட மறுகணம் பதமாகப் பின்னால் நகர்ந்தது. கரண்டு கைதட்டினான். அம்மாள் வாசற்படியிலிருந்து இரண்டு காலையும் பட்டறைக்குள் எடுத்து வைத்தார்.

"ஏறுங்க சம்பந்தி" என்றார் பெரியவர். மருமகள் ஓட்ட, பக்கத்தில் அவர், பின்சீட்டில் சம்பந்தி. தெருமுனை தாண்டியதும் வேகமெடுத்தாள்.

இன்ஜின் சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. கொசுவாக இருந்தது வண்டாகி, வண்டு மாவரைக்கும் மெஷினாகி அலறியது. வண்டி மட்டும் சைக்கிள்காரரோடு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, அவரே முந்திக்கொண்டு போனார்.

"ரெண்டாவது கியரு விழல" என்றாள் மருமகள், மெல்லிய குரலில்.

பெரியவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கியரிலேயே கத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

"என்ன, போன சூட்டோட வந்துட்டீங்க?" என்று, பஞ்சர் ஒட்டிவிட்டுத் திரும்பியிருந்த வானொலி ஸ்டூலிலிருந்து எழுந்தார். சம்பந்தி சட்டைக் கையை மடித்தார். மேசைமேலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்தார்.

வானொலிக்கு அது போதுமாயிருந்தது. "நல்லவேளை, தெரிஞ்ச கை வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கடை மூடும் நேரமாயிற்று என்று கிளம்பிப் போனார். மீதியை அவர் பார்க்கவில்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பாப்பா, ஸ்பேனரக் குடு. நான் எறக்கறேன்" என்றார் சம்பந்தி அடியிலிருந்து.

மருமகள் ஸ்பேனரை நீட்டப் போனாள். பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"இருங்க சம்பந்தி. பூட்டினவதான் எறக்கணும்."

சம்பந்தி வெளியே வந்து அவரைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "சரி. நான் வெளிச்சம் காட்டறேன்."

எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, மருமகள் வால்வு பாடியை இறக்கினாள். வெள்ளைத் தட்டில் வைத்தாள். வால்வுகளை ஒவ்வொன்றாக வெளியே நழுவவிட்டாள். முதலாவது வந்தது. அடுத்தது வந்தது. இரண்டாவது கியருக்கானது மட்டும் அசையவில்லை. மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினாள். அரைமனதாக வெளியே வந்தது. வரும்போது அதன் இடுப்பில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தது.

ஊசிக்கொக்கியால் அதை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு எண்ணெய் சொட்டியது. சொட்டி முடித்ததும் நிறம் தெரிந்தது. பச்சை.

பூனை முடியளவு ஓர் இழை. அவ்வளவுதான். அது எங்கோ ஒரு வழியில் ஒட்டிக்கொண்டிருந்து, எண்ணெய் ஓடத் தொடங்கியதும் மிதந்து வந்து வால்வின் இடுக்கில் உட்கார்ந்துவிட்டது.

சம்பந்தியின் முகம் சிவந்தது. மகளிடம் திரும்பினார்.

"துணி போட்டியா? எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நடக்கத் தெரியாத வயசுலேர்ந்து சொல்லியிருக்கேனா இல்லையா? இதுக்காடி நீ தனியாப் பிரிக்கறேன்னு நின்ன?"

மருமகள் வாயைத் திறந்தாள். அவள் பார்வை ஒரு விநாடி பெரியவரின் தோளுக்குப் போய்வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"தப்புதான்ப்பா" என்றாள்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. அவள் தன்னைக் காப்பாற்றுகிறாள். வெளியே இழுவை வண்டி நிற்கிறது, கிழக்கு மூலை கையைவிட்டுப் போகிறது, பெற்ற அப்பா முன்னால் தலைகுனிவு. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு மாமனாரின் மானத்தைக் காப்பாற்றுகிறாள். அவர் பேசாமல் இருந்தால் போதும். அந்த இழை எந்தத் துணியிலிருந்தும் வந்திருக்கலாம். வீட்டு மானம் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கலாம்.

அப்படி நிற்கிற மானம் அவருக்குப் பிடிக்கவில்லை.

முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டார்.

"அவ துணி போடல சம்பந்தி. நான் போட்டேன்."

தோளிலிருந்த துண்டைத் தொட்டுக் காட்டினார்.

"வேணாம்னு சொன்னா. அவ சாப்பிடப் போன நேரத்துல நான்தான் துடைச்சேன். எப்படிக் காஞ்சுதுன்னு கேட்டா. வெயில்னு சொன்னேன்."

சம்பந்தி டார்ச்சை அணைத்தார். தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். நாலு பக்கச் சுவரையும் பார்த்தார்.

"வெயிலா? இந்தப் பட்டறைக்குள்ள வெயில் எந்தப் பக்கமா சம்பந்தி வருது?"

முதலில் சிரித்தது அம்மாள். வாசற்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கரண்டு. சம்பந்தி டார்ச்சால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்று பெரியவர் மருமகளைக் கேட்டார்.

"சந்தேகமா இருந்துச்சு மாமா."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க வெயில்னா வெயில்தானே" என்றாள் அவள். அதற்குமேல் அவளாலும் அடக்க முடியவில்லை.

அம்மாள் நேராக வந்து பெரியவரின் தோளிலிருந்து துண்டை உருவினார். "சாயமே போகாத துண்டுன்னு வாங்கினப்ப ஒரே பெருமை. சாயம் போகல, நூல்தான் போகுது. இந்த வேலை முடியறவரைக்கும் இது வீட்டுக்குள்ள இருக்கட்டும். அந்தக் கைய அப்படியே பின்னால கட்டிக்குங்க."

பெரியவர் கட்டிக்கொண்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று அந்தப் பட்டறை பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் மருமகள் முதலிலிருந்து கழுவினாள். காற்றால் ஊதினாள். தட்டில் வரிசையாக வைத்தாள். பிறகு எல்லாரும் சுற்றி நின்று, வால்வுகள் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் துறுதுறுத்தன. சம்பந்தி அதைக் கவனித்தார்.

"கஷ்டமா இருக்கா சம்பந்தி?"

"பழகிக்கறேன்."

மீண்டும் பூட்டினாள். சம்பந்தி வெளிச்சம் காட்டினார், ஒரு தடவை "அந்த போல்ட்டு..." என்று ஆரம்பித்தார். "தெரியும்ப்பா" என்றாள் மகள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டு புது எண்ணெய் டின்னை உடைத்து ஊற்றினான்.

தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் யானை மறுபடியும் கிளம்பியது. இந்த முறை அம்மாளும் ஏறிக்கொண்டார். கரண்டு ஓடிவந்து பின்கதவைத் திறந்து தொற்றிக்கொண்டான்.

பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் சத்தம் ஏறும், பிறகு விழும், அதுதான் கியர் மாறும் அடையாளம் என்று அவருக்குத் தெரியும். ஏறவும் காணோம், விழவும் காணோம். வீடுகள் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"ரெண்டாவது விழுந்துச்சாம்மா?" என்று பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"மூணுல போயிட்டிருக்கோம் மாமா."

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஏற்றத்துக்குப் போனார்கள். நடு ஏற்றத்தில் அவளே வேண்டுமென்று நிறுத்தினாள். பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரில் காலை வைத்தாள். யானை ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல், கத்தாமல், மேலே ஏறியது.

"பூந்தொட்டி தப்பிச்சுது" என்றார் பின்சீட்டில் சம்பந்தி. அன்று அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான். மருமகள் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். போதுமாயிருந்தது அவளுக்கு.

பட்டறைக்குத் திரும்பியதும் பெரியவர் கிழக்கு மூலைக்குப் போய் நின்றார்.

"இது உன்னுது. என் பழைய சாமானெல்லாம் காலையில எடுத்துடறேன்."

"மாமா, அந்தச் செவுத்து எழுத்து?"

பெரியவர் அதை ஒருமுறை படித்துப் பார்த்தார். "உன் மூலையில இருக்கு. உன் இஷ்டம்."

அவள் அதை அழிக்கவில்லை. கரண்டுதான் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போய், அதற்குக் கீழே ஒரு வரி எழுதினான்: 'துடைத்த சாமான் இந்த மூலைக்கு வராது.' பெரியவர் முறைத்தார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

சம்பந்தி புறப்பட்டார். மருமகள் ஸ்பிரிங் அமுக்கியைத் துணியில்லாமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிளேட்டுகளை மாற்றும்போது பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி; அப்பாவிடமிருந்து இரவல் வாங்கியது. அவர் தன் கைக்கேற்பத் தானே செய்துகொண்டது. வேறு யாருக்கும் தொடக்கூடக் கொடுத்ததில்லை.

சம்பந்தி அதை வாங்கினார். எடை பார்ப்பதுபோலக் கையில் வைத்திருந்தார். பிறகு நடந்துபோய் அவளுடைய மூலையில், மேசைமேல் வைத்தார்.

"இங்கயே இருக்கட்டும் பாப்பா."

"உங்களுக்கு வேணுமேப்பா?"

"பாக்கலாம்." பெரியவரிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை வர்றேன் சம்பந்தி. உங்ககிட்ட மட்டும் என் கடையப் பத்தி ஒரு விஷயம் பேசணும். இவங்களுக்குச் சொல்ல வேணாம்."

இழுவை வண்டி, கொக்கி ஆட, வெறுமையாகவே திரும்பிப் போனது. பெரியவர் அது முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி பிரிக்கிற மனிதன் அந்தக் கருவியை இன்னொருவர் மேசையில் விட்டுவிட்டுப் போகிறான் என்றால், நாளைக்கு எதைக் கொண்டு பிரிப்பான்? அவருக்கு விளங்கவில்லை. மருமகளைக் கேட்கவும் வழியில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் நல்ல கூட்டம். பெரியவர் தோளில் துண்டு இல்லாமல் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. வானொலி உச்சஸ்தாயியில் இருந்தார்.

"...அந்தப் பொண்ணு பூட்டுச்சு, வண்டி படுத்துருச்சு. அப்புறம் சம்பந்தி வந்தாரு பாருங்க! சட்டைய மடிச்சுட்டு அடியில பூந்து, அவர் கை பட்டப்புறம்தான் யானை எந்திரிச்சுதாம். என் கண்ணால பாத்தேன். என்ன பெரியவரே, சரிதானே?"

பெரியவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"இல்ல. பூட்டினது என் மருமக. கெடுத்தது நான். மறுபடி பூட்டினதும் என் மருமகதான். சம்பந்தி டார்ச் பிடிச்சார்."